சிதறல் யாருடையது?

குறித்தாளில் விழும் ஒவ்வொரு ஓட்டையும் ஒரு கூட்டுத்தொகை. ரைஃபிளின் பிழை, பெல்லட்டின் பிழை, சுடுபவரின் கண்ணும் மூச்சும் விரலும் செய்த பிழை எல்லாம் சேர்ந்துதான் அதை அந்த இடத்தில் கொண்டுபோய் வைத்திருக்கின்றன. யார் பங்கு எவ்வளவு என்று தாள் பிரித்துச் சொல்வதில்லை. பிரிக்கும் வேலை நம்முடையது.

"சார், பையன் 570-லயே நிக்கறான். ரைஃபிளை மாத்திப் பாக்கலாமா?" பெற்றோரிடமிருந்து இந்தக் கேள்வி வராத ரேஞ்ச் இருக்காது. கேள்வியில் தவறில்லை. ஆனால் அதற்கு யாரும் அளந்து பதில் சொல்வதில்லை. "ரைஃபிள் நல்லாத்தான் இருக்கு, அவன்தான் சரியா நிக்கல" என்று ஒரு கோச் முடித்துவிடுகிறார். இல்லையென்றால், பக்கத்து லேனில் சுடும் பிள்ளையின் ஜெர்மன் ரைஃபிளைப் பார்த்துவிட்டு வீட்டில் நகை அடகுக்குப் போகிறது. இரண்டுமே ஊகம். விலை லட்சங்களில் இருக்கும் ஒரு பொருளுக்காக, ஊகத்தை நம்பி ஒரு குடும்பத்தைக் கடனில் இறக்குவது அநியாயம் என்றே நினைக்கிறேன். சில மாலைகளில் அளந்து முடித்துவிடக்கூடிய விஷயம் இது. 10 மீட்டர் ஏர் ரைஃபிளை வைத்துச் சொல்கிறேன். 50 மீட்டருக்கு மாறும் இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

குறியின் கணக்கு

10 மீட்டர் குறித்தாளின் நடுவில் இருக்கும் பத்துப் புள்ளியின் விட்டம் 0.5 மி.மீ. ஒன்பதாம் வளையம் 5.5 மி.மீ. அங்கிருந்து ஒவ்வொரு வளையமாக விட்டம் 5 மி.மீ. கூடிக்கொண்டே போய், ஒன்றாம் வளையம் 45.5 மி.மீ.யில் முடிகிறது. பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ. அதன் ஓரம் வளையத்தைத் தொட்டாலே அந்த மதிப்பெண் உண்டு. ஆகவே பெல்லட்டின் மையம் குறியின் மையத்திலிருந்து 2.5 மி.மீ.க்குள் விழுந்தால் 10.0. உள்ளே வர வர ஒவ்வொரு 0.25 மி.மீ.க்கும் 0.1 கூடும். 0.25 மி.மீ.க்குள் விழுந்தால் 10.9. அதற்கு மேல் மதிப்பெண் இல்லை. 60 ஷாட் போட்டியின் உச்சம் 654.0.

இதிலிருந்து கையில் வைத்துக்கொள்ள வேண்டிய எண் ஒன்று வருகிறது. 1 மி.மீ. விலகல் 0.4 புள்ளிக்குச் சமம். 60 ஷாட்டிலும் சராசரியாக 1 மி.மீ. கூடுதலாக விலகினால் 24 புள்ளி போய்விடும். திருப்பிப் போட்டால், 570 எடுக்கும் பையன் ஷாட்டுக்கு 9.5 எடுக்கிறான், அவன் பெல்லட்டுகள் மையத்திலிருந்து சராசரியாக 3.6 மி.மீ. தள்ளி விழுகின்றன. 626 எடுப்பவருக்கு அந்த விலகல் 1.3 மி.மீ. இனி மதிப்பெண்ணை மறந்துவிட்டு மில்லிமீட்டரில் பேசுவோம். ரைஃபிளையும் ஆளையும் ஒரே அளவுகோலில் நிறுத்த அதுதான் வழி.

இடம் வேறு, விரிவு வேறு

பத்து ஷாட்டும் ஒரு சிறு கொத்தாக, ஆனால் ஏழாம் வளையத்தில் இடப்பக்கம் விழுந்திருக்கின்றன என்று வையுங்கள். மதிப்பெண் பரிதாபமாக இருக்கும். ஆனால் ரைஃபிளும் அருமை, சுட்டவரும் அருமை. சைட் மட்டும் சரிசெய்யப்படவில்லை. கொத்து எங்கே இருக்கிறது என்பது சைட்டைப் பற்றிய செய்தி. கொத்து எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதுதான் துல்லியத்தைப் பற்றிய செய்தி. ரேஞ்சில் இந்த இரண்டையும் நாள்தோறும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரு ஷாட் வலப்பக்கம் போனதும் சைட்டை இரண்டு க்ளிக் திருப்புவது, அடுத்தது இடப்பக்கம் போனதும் திரும்பக் கொண்டுவருவது என்று சைட்டைத் துரத்திக்கொண்டே போனால், தன் சொந்தச் சிதறலோடு சைட்டின் ஆட்டத்தையும் சேர்த்துக்கொள்கிறோம். ஐந்து ஷாட்டாவது விழுந்து அவற்றின் நடுப்பகுதி தெரிந்த பிறகுதான் சைட்டைத் தொட வேண்டும். இந்த அத்தியாயம் முழுவதும் விரிவைப் பற்றியே பேசப்போகிறோம். சைட் சரியாக இருப்பதாகவே கொள்வோம்.

ரைஃபிளைத் தனியாகக் கேட்பது

தொழிற்சாலையிலிருந்து வரும் நல்ல போட்டி ரைஃபிளோடு ஒரு சிறு அட்டை இருக்கும். பேரலைப் பிடிப்பானில் இறுக்கி, 10 மீட்டரில் சுட்ட ஓட்டைகள் அதில் இருக்கும். பெரும்பாலும் அது ஒரே ஓட்டைபோலத் தெரியும். அதைப் பத்திரமாக வையுங்கள். ஆனால் அது பிறந்தநாள் அன்று எடுத்த அட்டை. உங்கள் கையிலிருக்கும் ரைஃபிள் இன்று எப்படிச் சுடுகிறது என்பதற்கு அது சாட்சி ஆகாது. பழைய ரைஃபிளை வாங்கும்போது இந்த அட்டையை மட்டும் காட்டி விலை பேசுகிறவர்களிடம் இன்னொரு அட்டை சுட்டுக்காட்டச் சொல்லுங்கள்.

பிடிப்பான் உள்ள ரேஞ்ச் என்றால் வேலை எளிது. ரைஃபிளை இறுக்கி, ஒரே பெல்லட் டப்பாவிலிருந்து பத்து ஷாட், புதுத் தாளில் இன்னொரு பத்து, பிறகு இன்னொரு பத்து. கோச் பக்கத்தில் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. பிடிப்பானில் இருந்தாலும், ஒவ்வொரு முறை தாள் மாற்றும்போதும் ரைஃபிள் காலியாக இருக்க வேண்டும், பேரலில் பாதுகாப்புக் கொடி இருக்க வேண்டும். பிடிப்பான் இல்லையென்றால், மேசைமேல் மணல்மூட்டை வைத்து, முன்கட்டையையும் பின்கட்டையையும் அதில் அழுந்த உட்காரவைத்து, உட்கார்ந்து சுடலாம். இதில் உங்கள் பிழை கொஞ்சம் கலந்தே வரும். அதனால் என்ன? ரைஃபிளின் உண்மையான சிதறல் இதைவிடக் கூடுதலாக இருக்க வாய்ப்பில்லை என்ற ஓர் எல்லை கிடைத்துவிடும். மேசையில் நல்ல குரூப் வந்தால் ரைஃபிளைக் குற்றம் சொல்ல வழியில்லை.

ஸ்பிரிங் ரைஃபிளுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. ட்ரிகரை அழுத்தியதும் அதன் உள்ளே கனமான பிஸ்டன் முன்னே பாய்கிறது. பெல்லட் பேரலைவிட்டு வெளியேறும் முன்பே ரைஃபிள் அசைகிறது. அதை இறுக்கிக் கட்டினால் அசையும் விதம் மாறி, கையில் பிடித்தபோது வராத சிதறல் வரும். பிடிக்கும் இடம் சற்று மாறினால்கூடக் கொத்து இடம்பெயரும். ஆகவே ஸ்பிரிங் ரைஃபிளை மென்மையான மூட்டையில், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தாங்கி மட்டுமே சோதிக்க வேண்டும். தொடக்கநிலைப் பிள்ளைகள் பலர் இந்த வகையில்தான் கற்கிறார்கள். "நேத்து நல்லா வந்துச்சு, இன்னிக்கு வரல" என்று அவர்கள் சொல்வதில் பொய் இல்லை.

அளப்பதற்கு ஒரு சிறு நுணுக்கம். ஓட்டையின் மையத்தைக் கண்ணால் கண்டுபிடிக்க முயலாதீர்கள். தாளின் நார் சுருங்குவதால் ஓட்டை பெல்லட்டைவிடச் சிறிதாகத் தெரியும். எட்டத்தில் இருக்கும் இரண்டு ஓட்டைகளை எடுத்து, ஒன்றின் இட ஓரத்திலிருந்து மற்றதன் இட ஓரம் வரை அளந்தால் மையத்துக்கு மையம் தூரம் நேரடியாகக் கிடைத்துவிடும். பத்து ஷாட் குரூப்பில் அந்த அகலத்தை மூன்றால் வகுத்தால், சராசரி விலகல் கிட்டத்தட்ட வந்துவிடும். 2.1 மி.மீ. அகலம் என்றால் விலகல் 0.7 மி.மீ.; அது நல்ல போட்டி ரைஃபிள். 6 மி.மீ. என்றால் விலகல் 2 மி.மீ.; தேய்ந்துபோன, அல்லது பெல்லட் பொருந்தாத ரைஃபிள்.

மூன்று ஷாட் சுட்டுவிட்டு "ஒரே ஓட்டை" என்று படம் எடுத்து அனுப்புகிறவர்களை நம்பாதீர்கள். ரைஃபிள் மாறாமலே, ஷாட் கூடினால் குரூப் விரியும். சராசரியாக 3 ஷாட்டில் 10 மி.மீ. வரும் ரைஃபிள், 5 ஷாட்டில் 12.7 மி.மீ.க்கும், 10 ஷாட்டில் 16 மி.மீ.க்கும் அருகில் வரும். இன்னொரு தொல்லை, மூன்று ஷாட் குரூப்புகள் தமக்குள்ளேயே பெரிதும் மாறுபடும். ஒன்று குண்டூசித் தலையாக இருக்கும், அடுத்தது அதைப்போல் இரண்டு மடங்கு இருக்கும். அதில் சிறியதை எடுத்து வைத்துக்கொண்டு "இதுதான் என் ரைஃபிள்" என்பது தனக்குத் தானே செய்துகொள்ளும் துரோகம். மூன்று பத்து ஷாட் தாள்களின் சராசரிதான் பேச வேண்டும்.

ரைஃபிளைக் குறை சொல்லும் முன் பெல்லட்டை மாற்றிப் பாருங்கள். போட்டிப் பெல்லட்டுகளின் தலை விட்டம் 4.49, 4.50, 4.51 என்று நூறில் ஒரு மி.மீ. வித்தியாசத்தில் விற்கப்படுகிறது. ஒவ்வொரு பேரலும் ஒவ்வோர் அளவை விரும்பும். அதைச் சுட்டுத்தான் அறிய முடியும். ஒரே பெயருள்ள டப்பாவிலும் தயாரிப்புத் தொகுதி மாறினால் முடிவு மாறலாம். 50 மீட்டர் ரைஃபிளில் இது இன்னும் முக்கியம். ஈலி, லபுவா போன்ற நிறுவனங்களின் சோதனைக்கூடங்களுக்குத் தங்கள் ரைஃபிளையே எடுத்துப்போய், பிடிப்பானில் வைத்து, தோட்டாவின் தொகுதிகளை ஒவ்வொன்றாகச் சுட்டுப் பார்த்து, பிடித்த தொகுதியை மொத்தமாக வாங்கிவரும் வீரர்கள் பலர். நம் ஊர்ப் பிள்ளைக்கு அது எட்டாத காரியம். ஆனால் நான்கு வகைப் பெல்லட்டை நான்கு நண்பர்கள் ஆளுக்கு ஒரு டப்பாவாக வாங்கிப் பகிர்ந்து சோதிப்பது எட்டும். ரைஃபிளை மாற்றுவதில் கிடைக்கும் பலனில் கணிசமான பங்கு சில சமயம் ஒரு டப்பா விலையிலேயே கிடைத்துவிடுகிறது.

ஆளைத் தனியாகக் கேட்பது

ஆளை அளக்க ரைஃபிளிலிருந்து பெல்லட்டை எடுத்துவிட வேண்டும். ஸ்காட் போன்ற மின்னணுப் பயிற்சிக் கருவி பேரலில் பொருத்தப்பட்டு, ரைஃபிள் எங்கே நோக்கிக்கொண்டிருந்தது என்பதைக் கோடாக வரையும். ட்ரிகர் விழுந்த கணத்தில் கோடு எங்கே இருந்தது என்று புள்ளியும் வைக்கும். டிரையாக, அதாவது பெல்லட் இல்லாமல் சுடும்போதும் இது வேலை செய்யும். அப்படிச் சுட்ட முப்பது ஷாட்டின் சிதறல் முழுக்க ஆளுடையது. ரைஃபிளின் பேரலுக்கு அதில் பங்கே இல்லை. கடைசி ஒரு நொடியில் கோடு எவ்வளவு அலைகிறது, ட்ரிகர் விழும்போது எந்தப் பக்கம் எகிறுகிறது என்பதையும் பார்க்கலாம். அலைச்சல் சிறிதாக இருந்தும் புள்ளி தள்ளி விழுந்தால் நிற்பதில் குறையில்லை. விரலில் குறை இருக்கிறது.

கருவி இல்லாதவர்களுக்குக் காசில்லாத வழி ஒன்று உண்டு, அதையே நான் முதலில் கற்றுத்தர விரும்புவேன். ஷாட் போன கணத்தில் முன்சைட் எங்கே இருந்தது என்று மனத்தில் பிடித்துக்கொண்டு, திரையைப் பார்க்கும் முன் சொல்லிவிட வேண்டும்: "9.8, நாலு மணிப் பக்கம்." பிறகு திரையைப் பார்த்து, நோட்டில் சொன்னதையும் விழுந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். தொடக்கத்தில் சொல்வதெல்லாம் தப்பும். சில மாதங்களில் கண் பழகிவிடும். அதன்பிறகு அந்த நோட்டு ஒரு சோதனைக்கூடம். சொன்ன இடத்திலேயே விழுந்தால், ஷாட் மோசமாக இருந்தாலும் ரைஃபிள் சொன்னபடி கேட்கிறது என்று பொருள். பிழை உங்களுடையது, அது உங்களுக்கும் தெரிந்திருக்கிறது. 10.5 என்று உறுதியாகச் சொன்னவை பல 9.2-ஆக, அதுவும் திசைக்கொன்றாக விழுந்தால் ரைஃபிளையும் பெல்லட்டையும் சந்தேகிக்கலாம். ஒரே திசையில் விழுந்தால் சைட் நகர்ந்திருக்கிறது, அல்லது கன்னம் வைக்கும் இடம் மாறியிருக்கிறது.

மாற்றிச் சுடுவது

நல்ல பிடிப்பானோ கருவியோ இல்லாத ரேஞ்சில் நான் அதிகம் நம்புவது மாற்றிச் சுடும் சோதனையைத்தான். உங்களைவிடத் தெளிவாக நன்றாகச் சுடும் ஒரு சீனியர் வேண்டும். "அண்ணா, என் ரைஃபிள்ல இருபது ஷாட் சுட்டுத் தர்றீங்களா?" என்று கேட்டால் மறுப்பவர் குறைவு. உங்கள் ரைஃபிளில் நீங்கள் இருபது, அவர் இருபது. அவர் ரைஃபிளில் அவர் இருபது, நீங்கள் இருபது. பெல்லட் அந்தந்த ரைஃபிளுக்குப் பழகியதாகவே இருக்கட்டும். நான்கு தாள்களையும் வரிசையாக ஒட்டிவைத்துப் பாருங்கள்.

அவர் கையில் இரண்டு ரைஃபிளும் ஒரே மாதிரி சுட்டு, உங்கள் கையில் இரண்டும் ஒரே மாதிரி சிதறினால் பேச்சுக்கு இடமில்லை. அவர் கையிலேயே உங்கள் ரைஃபிள் தெளிவாக விரிந்தால் குறை ரைஃபிளில். இடையில் ஒரு நிலை உண்டு: அவருக்கு வித்தியாசம் தெரிகிறது, உங்களுக்குத் தெரியவில்லை. இதுதான் அதிகம் வரும் முடிவு. அதன் காரணத்தை அடுத்துப் பார்ப்போம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இன்னொருவர் ரைஃபிளின் கன்னக்கட்டையும் பின்கட்டையும் உங்கள் உடம்புக்கு அளவானவை அல்ல. முதல் சில ஷாட்டுகளைக் கணக்கில் எடுக்காமல் பழகிக்கொள்ள விடவேண்டும்.

பிழைகள் எப்படிக் கூடுகின்றன

ரைஃபிளின் விலகல் 3 மி.மீ., ஆளின் விலகல் 4 மி.மீ. என்றால் மொத்தம் 7 என்று மனம் சொல்லும். மொத்தம் 5 தான். ரைஃபிள் இடப்பக்கம் இழுக்கும்போது ஆள் சில நேரம் வலப்பக்கம் இழுக்கிறார். ஒன்றை ஒன்று ஓரளவு ஈடுகட்டிக்கொள்கின்றன. ஆகவே இரண்டையும் வர்க்கமாக்கி, கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 9-உம் 16-உம் 25, அதன் மூலம் 5. பள்ளியில் செங்கோண முக்கோணத்துக்குப் போட்ட அதே கணக்கு. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் ரைஃபிளுக்குப் பணம் போடுவதா வேண்டாமா என்ற கேள்வியில் பாதி தீர்ந்துவிடும்.

570 எடுக்கும் பையனிடம் திரும்புவோம். மொத்த விலகல் 3.6 மி.மீ. பிடிப்பானில் வைத்துப் பார்த்ததில் அவன் ரைஃபிளின் விலகல் 0.7 மி.மீ. என்று வையுங்கள். வர்க்கங்களைக் கழித்தால் அவன் சொந்த விலகல் 3.53. அதாவது உலகத்தில் இல்லவே இல்லாத, துளியும் சிதறாத ஒரு ரைஃபிளை அவன் கையில் கொடுத்தாலும் 3.6 என்பது 3.53 ஆகும். 0.07 மி.மீ.யை 24-ஆல் பெருக்குங்கள். இரண்டு புள்ளிகூடத் தேறாது. 570 என்பது 572 ஆகாது.

அதே பையன், அதே 570. ஆனால் பிடிப்பானில் அவன் கிளப் ரைஃபிள் 2 மி.மீ. விலகுகிறது என்று வையுங்கள். இப்போது அவன் சொந்த விலகல் 3 மி.மீ.தான். 0.7 ரைஃபிள் ஒன்றைக் கொடுத்தால் மொத்தம் 3.07-க்கு இறங்கும். ஏறத்தாழ 12 புள்ளி கூடி 582-ஐத் தொடுவான். ஒரே மதிப்பெண், ஒரே கேள்வி, ஆனால் பதில் ஒருவனுக்கு இரண்டுக்கும் குறைவு, இன்னொருவனுக்குப் பன்னிரண்டு. மதிப்பெண் பலகையைப் பார்த்து இதைச் சொல்ல யாராலும் முடியாது, எத்தனை வருட அனுபவம் இருந்தாலும்.

இன்னும் மேலே போவோம். 626 எடுப்பவரின் மொத்த விலகல் 1.3, ரைஃபிளின் பங்கு 0.7. அவர் சொந்த விலகல் 1.1 அளவில்தான் இருக்கும். அவருக்கு ரைஃபிளின் சிதறல் முழுவதும் நீங்கினால் ஏறக்குறைய 5 புள்ளி கூடும். அந்த மட்டத்தில் இறுதிச் சுற்றுக்குப் போவதற்கும் ஊருக்குத் திரும்புவதற்கும் இடையே அவ்வளவு புள்ளிகூட இருக்காது. அவர் கையில் 2 மி.மீ. கிளப் ரைஃபிளைக் கொடுத்தால் 20 புள்ளிக்கு மேல் போய்விடும். மாற்றிச் சுடும் சோதனையில் சீனியருக்குத் தெரிந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியாமல் போனது இதனால்தான். ஆள் தேற தேறத்தான் ரைஃபிள் கண்ணுக்குத் தெரிய வருகிறது. பெரிய வீரர்கள் ரைஃபிளில் கால் மில்லிமீட்டருக்காக அலைவதைப் பார்த்து, தொடக்கநிலைப் பிள்ளையும் அலைய வேண்டும் என்று நினைப்பது இந்தக் கணக்கைத் தெரியாததால் வருவது.

அமெரிக்க வீரர் மேத்யூ எம்மன்ஸின் வாழ்க்கையில் இந்தக் கேள்வியின் இரண்டு முகமும் இருக்கின்றன. 2004-இல் ஒலிம்பிக்குக்கு முன், அவருடைய ரைஃபிளின் பேரலை யாரோ வேண்டுமென்றே சிதைத்துவிட்டார்கள். பல்கலைக்கழக அணியில் உடன் சுட்ட ஒரு வீராங்கனையின் ரைஃபிளை இரவல் வாங்கி, அதைக் கொண்டு ஏதென்ஸில் 50 மீட்டர் படுத்துச் சுடும் போட்டியில் தங்கம் வென்றார். இரவல் ரைஃபிள் என்றதும், எதைக் கொடுத்தாலும் சுட்டிருப்பார் என்று எண்ணிவிடக் கூடாது. அதுவும் தரமான போட்டி ரைஃபிள்தான். அதே ஏதென்ஸில் மூன்று நிலைப் போட்டியில் முன்னணியில் இருந்தவர், கடைசி ஷாட்டைப் பக்கத்து லேன் குறியில் சுட்டுவிட்டார். அதற்குப் பூஜ்யம். எட்டாம் இடம். நான்கு ஆண்டு கழித்து பெய்ஜிங்கில், அதே மூன்று நிலைப் போட்டியின் கடைசி ஷாட்டுக்கு முன் 3.3 புள்ளி முன்னிலை. குறியை நோக்கி ரைஃபிளை இறக்கிக்கொண்டு வரும்போதே விரல் ட்ரிகரில் பட்டுவிட்டது. 4.4. பதக்கமே இல்லாமல் நான்காம் இடம். அந்த ஷாட்டில் ரைஃபிள் ஒரு பிழையும் செய்யவில்லை. எங்கே நோக்கிக்கொண்டிருந்ததோ அங்கேயே சுட்டது. உலகின் மிகச் சிறந்த கைகளில் ஒன்றின் விலகல் அது. பிடிப்பானில் எத்தனை முறை வைத்துச் சோதித்தாலும் தெரியவராத விலகல்.

ஆள் மாறிச் சொல்லும் சாட்சிகள்

சில சிதறல்கள் வேஷம் போட்டு வரும். ஷாட்டுகள் மேலும் கீழுமாக நீண்டு விழுந்தால் "காற்றழுத்தம் சரியில்லை, வேகம் மாறுது" என்பது ரேஞ்சில் வழக்கமான பேச்சு. கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போகும் பெல்லட் 10 மீட்டரில் புவியீர்ப்பால் ஏறத்தாழ 17 மி.மீ. இறங்குகிறது. வேகம் நூற்றில் ஒரு பங்கு மாறினால் இறக்கம் நூற்றில் இரண்டு பங்கு மாறும்: மூன்றில் ஒரு மி.மீ. அது 10.4-ஐ 10.3 ஆக்கும், 9-ஐ 8 ஆக்காது. 5 மி.மீ. உயரச் சிதறலை வேகத்தின் தலையில் கட்ட வேண்டுமென்றால் ரெகுலேட்டர் முழுக்கப் பழுதாகியிருக்க வேண்டும், அல்லது சிலிண்டர் கிட்டத்தட்டக் காலியாகியிருக்க வேண்டும். அதை வேகமானியில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். இல்லையென்றால் மூச்சைத்தான் பார்க்க வேண்டும்.

ரைஃபிளைச் சாய்ப்பது இதற்கு நேர்மாறு, யாரும் சந்தேகிப்பதில்லை. ஷாட்டுக்கு ஷாட் 5 டிகிரி சாய்வு மாறினால், அந்த 17 மி.மீ. இறக்கம் காரணமாகப் பெல்லட் 1.5 மி.மீ. பக்கவாட்டில் போகும். ஒரே ஷாட்டில் 0.6 புள்ளி. சாய்த்துப் பிடிப்பது குற்றமில்லை, பல நல்ல வீரர்கள் சாய்த்தே சுடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒரே சாய்வாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சைட்டோடு ஒரு சிறு குமிழிமட்டம் வைத்துப் பயிற்சி செய்தால் குட்டு வெளிப்படும்.

முன்சைட், பின்சைட் துளையின் நடுவில் இல்லாமல் போவது மூன்றாவது. இரண்டுக்கும் இடையே 80 செ.மீ. என்றால், 0.1 மி.மீ. விலகலே குறியில் 1.25 மி.மீ. ஆகிவிடும். களைத்த கண்ணுக்கு இது தெரியாது. கண்ணாடி அணிய வேண்டிய பிள்ளை அணியாமல் சுட்டு, "பேரல் போச்சு" என்று சொல்லப்படுவதும் நடக்கிறது. ரைஃபிளைச் சோதிக்கும் முன் கண்ணைச் சோதியுங்கள்.

மறுபக்கமும் உண்டு. பின்கட்டையைப் பேரலோடு பிணைக்கும் திருகு தளர்ந்திருந்தால், பின்சைட் அதன் தண்டவாளத்தில் ஒரு மயிரிழை ஆடினால், வரும் சிதறல் அப்படியே ஆளின் சிதறல்போலத் தெரியும். பிள்ளை மாதக்கணக்கில் தன்னைத்தானே நொந்துகொள்ளும். எந்தச் சோதனைக்கும் முன் எல்லாத் திருகையும் தயாரிப்பாளர் சொன்ன இறுக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பேரலைத் தூய்மை செய்த உடனே சுட்ட முதல் சில ஷாட்டுகளைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

ரைஃபிளும் உடம்பும் சேரும் இடம்

இதுவரை ரைஃபிளையும் ஆளையும் பிரித்துப் பிரித்துப் பேசினோம். ஓரிடத்தில் மட்டும் பிரிக்க முடியாது. பின்கட்டையின் நீளம், தோளில் பதியும் தகட்டின் உயரம், கன்னக்கட்டை, கைப்பிடியின் பருமன் இவை ரைஃபிளின் பாகங்கள்தான். ஆனால் அவற்றின் பிழை பிடிப்பானில் தெரியாது, சீனியர் கையிலும் தெரியாது. உங்கள் உடம்பில் மட்டும் தெரியும். பதினான்கு வயதுப் பிள்ளை ஓராண்டில் ஐந்தாறு செ.மீ. வளர்ந்துவிடும். சென்ற ஆண்டு அளவெடுத்த கட்டை இந்த ஆண்டு கழுத்தை முன்னே இழுக்கும். கழுத்து இழுபட்டால் கண் சைட்டின் நடுவுக்கு வராது, தசை தாங்கும், தாங்கும் தசை நடுங்கும். சோதனையில் ரைஃபிள் 0.7, ஆள் மட்டும் திடீரென்று மோசம் என்று வந்தால், பயிற்சி நேரத்தைக் கூட்டும் முன் அளவுநாடாவை எடுங்கள்.

பார்க்கும் முறை எளிது. வழக்கம்போல நின்று, ரைஃபிளைக் குறியில் நிறுத்தி, கண்ணை மூடி, இரண்டு மூச்சு இயல்பாக விட்டு, திறக்க வேண்டும். முன்சைட் குறியைவிட்டு நகர்ந்திருந்தால் அதுவரை தசைதான் அதை அங்கே பிடித்துவைத்திருந்தது. கால்களை நகர்த்திச் சரிசெய்து மறுபடி மூடித் திறக்க வேண்டும். கால்களை எப்படி நகர்த்தினாலும் சைட் மேலேயோ கீழேயோ போய் நின்றால் தகட்டின் உயரத்தை மாற்ற வேண்டும். கண் திறக்கும்போது பின்சைட் துளையின் ஓரம் இருட்டாகத் தெரிந்தால் கன்னக்கட்டையை. ஒரு நாளைக்கு ஒரு திருகு மட்டும். பழைய அளவைப் பென்சிலால் கட்டையிலேயே குறித்துக்கொள்ளுங்கள், மாற்றியது சரிவராவிட்டால் திரும்பிவர வழி வேண்டும். மாற்றிய பிறகு குறைந்தது ஒரு வாரம் அதே அளவில் சுட்டு, நோட்டில் சொன்னதும் விழுந்ததும் எழுதிவந்து, பிறகு மூன்று பத்து ஷாட் தாளை மறுபடியும் அளந்து பழைய தாளோடு வைத்துப் பாருங்கள்.